பிஎச்.டி. சேரலாமா? காசநோய் ஆய்வகத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்

சென்னையில் காசநோய் ஆய்வகம் ஒன்றில் திட்டப் பணியாளராக இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 26. குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஊருக்கு அருகே அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்தார். சென்ற ஆண்டு அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை சில மதிப்பெண்ணில் நழுவிவிட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க் கிருமிகளைப் பற்றிய திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். அந்தத் திட்டம் மார்ச்சில் முடிகிறது. திட்டத் தலைவர், “என்னிடமே பிஎச்.டி.க்குப் பதிவு செய்துகொள்ளுங்கள், இதே வேலையை ஆய்வேடாக எழுதிவிடலாம், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். ஊர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி மாதம் 18,000 ரூபாயில் உதவிப் பேராசிரியர் வேலை தருகிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் வரன் பேசுகிறார்கள். மாப்பிள்ளைக்கு ஐதராபாத்தில் வேலை.

இவற்றோடு இரண்டு மனக்குறைகள். அவர் மாதக்கணக்கில் செய்த மருந்து எதிர்ப்புச் சோதனைகளை வைத்து வந்த கட்டுரையில் அவர் பெயர் நான்காவது. கேட்டதற்கு, “திட்டப் பணியாளருக்கு முதல் இடம் தருவதில்லை” என்று பதில் வந்திருக்கிறது. இன்னொன்று, ஆண்டுச் சோதனையில் காசநோய்க்கான இக்ரா ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை என்றாலும் அம்மா அழுது தீர்க்கிறார். “ஆய்வகம் எனக்கு நோயைக் கொடுத்துவிட்டது. இதை மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா? பெரிய நிறுவனங்களில் படிக்காத என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் துறையில் இடம் உண்டா?” என்று முடிக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ரத்தப் பரிசோதனையைப் பேசிவிடுவோம். மற்றவை ஒரு வாரம் காத்திருக்கும். அம்மாவின் அழுகை காத்திருக்காது. நான் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள், மருத்துவர் அல்ல. சிகிச்சை பற்றிய முடிவை நெஞ்சக மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பரிசோதனை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதை நான் சொல்லலாம்.

உங்கள் நோய் எதிர்ப்புச் செல்கள் காசநோய்க் கிருமியின் புரதங்களை முன்பே ஒருமுறை சந்தித்திருக்கின்றன என்பதுதான் பாசிட்டிவ் முடிவின் பொருள். இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு எதுவும் இல்லாமல் எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தால் அது தொற்று, நோய் அல்ல. உங்களிடமிருந்து யாருக்கும் பரவாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், 15 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு இந்தத் தொற்று இருந்தது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதே சோதனையைச் செய்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு பாசிட்டிவ் வரும். மாப்பிள்ளைக்கே வரலாம். ஆகவே சொல்லியே தீர வேண்டிய கடமை எதுவும் உங்களுக்கு இல்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

தொற்று உள்ளவர்களில் வாழ்நாளில் நோயாக மாறுவது பொதுவாக நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். சர்க்கரை நோய், ஊட்டக் குறைவு, எச்.ஐ.வி. போன்றவை இருந்தால் கூடும். அதைத் தடுக்க மருந்து இருக்கிறது. ஐசோனியாசிட், ரிஃபாபென்டின் இரண்டையும் வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம் சாப்பிடும் முறை அவற்றில் ஒன்று. உங்களுக்கு அது வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். திருமணம் பேசுகிற நேரம் என்பதால் ஒன்றை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ரிஃபாபென்டின் கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும்.

ஆய்வகத்தில்தான் தொற்றியது என்று உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சோதனைக்கு நாளும் தெரியாது, இடமும் தெரியாது. பள்ளி நாட்களில் பஸ்ஸில் பக்கத்தில் நின்றவரிடமிருந்துகூட வந்திருக்கலாம். வேலையில் சேர்ந்தபோது எடுத்த முதல் பரிசோதனையின் முடிவைக் கேட்டு வாங்குங்கள். அப்போது நெகட்டிவ், இப்போது பாசிட்டிவ் என்றால் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. உயிரியல் பாதுகாப்புக் குழுவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கிருமி வெளியே வராமல் தடுக்கும் பயோசேஃப்டி கேபினட்டின் காற்றோட்டத்தைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், உங்கள் என்95 முகக்கவசம் முகத்தோடு பொருந்துகிறதா என்று அவர்கள் பார்த்தாக வேண்டும். முதல் பரிசோதனையே எடுக்கவில்லை என்றால் அந்தக் குறையையும் எழுதுங்கள். உங்களுக்குப் பின் அந்த நாற்காலியில் உட்காரப்போகிற பெண்ணுக்கு அது உதவும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. கல்லூரி வேலையா, பிஎச்.டி.யா என்று கேட்கிறீர்கள். நான் வேறு இரண்டைக் கேட்பேன். இந்தப் பிஎச்.டி. யாருடைய பணத்தில் நடக்கும்? அதில் உங்களுக்கென்று இருக்கிற ஆய்வுக் கேள்வி எது? இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் இதே ஆய்வகத்தில் தயங்காமல் சேருங்கள். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது பதில் அல்ல.

பணம்

நீங்கள் வேலை செய்வது சோம்பேறிக் கிருமியோடு. ஈ.கோலை இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும்; காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். எல்.ஜே. என்ற திட ஊடகம் நிரப்பிய சாய்வுக் குழாயின் பச்சைப் பரப்பில் பூக்கோசுத் துணுக்குபோலச் சொரசொரப்பாக, வெளிர்மஞ்சளாகக் கிருமிக் கூட்டம் எழும்பும் வரை வாரக்கணக்கில் குழாயை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்திருப்பீர்கள். எட்டு வாரம் வளராமல் இருந்தால்தான் நெகட்டிவ் என்று எழுத முடியும். எம்.ஜி.ஐ.டி. திரவ ஊடகத்திலும் 42 நாள் காத்திருக்க வேண்டும். நடுவில் பூஞ்சை புகுந்துவிட்டால் இரண்டு மாத உழைப்பு, நீராவியில் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போகும். பிஎச்.டி.க்குக் குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டு என்று விதியில் இருக்கிறது. காசநோய்க் கிருமியை வளர்த்து மூன்றே ஆண்டில் ஆய்வேடு முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஐந்து ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து ஆண்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் யார் கொடுப்பார்கள்? ஜே.ஆர்.எஃப். இருந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை உதவித்தொகை ஆனதும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்த விகிதம். மாதாமாதம் ஒழுங்காக வரும் என்று நம்பாதீர்கள். சில மாதத் தொகை சேர்ந்து வருவது வழக்கம், கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கட்டும். தொகையைவிட முக்கியம், அது உங்கள் பெயரில் வருகிறது என்பது. சொந்த உதவித்தொகையோடு வரும் மாணவியை எந்த நெறியாளரும் வேலைக்காரியாக நடத்தத் தயங்குவார். உதவித்தொகை இல்லாமல் சேர்பவர் திட்டத்துக்குத் திட்டம் தாவ வேண்டியிருக்கும்; ஒவ்வொரு தாவலிலும் ஆய்வேடு ஓராண்டு பின்னுக்குப் போகும். கெட்டிக்காரப் பெண்கள் பலர் இப்படி எட்டாம் ஆண்டிலும் முடிக்காமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

“நெட் இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் பிஎச்.டி. சேரலாம்” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது பாதி சரி. உதவிப் பேராசிரியர் தகுதி வாழ்நாள் முழுவதும் செல்லும். 2024 முதல் அந்தத் தகுதி பெற்றவர்கள் நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கைக்கும் போகலாம், மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. ஆனால் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். உங்கள் சான்றிதழில் தேதியைப் பாருங்கள். காலாவதியாகப் போகிறதென்றால் அவசரப்பட்டுச் சேர்வதைவிட மீண்டும் தேர்வு எழுதுவதே நல்லது.

எழுதினால் ஜே.ஆர்.எஃப். கிடைக்குமா? இரண்டு ஆண்டு ஆய்வக அனுபவத்துக்குப் பின் உங்களுக்குக் கூடுதல் வாய்ப்பு என்றே நினைக்கிறேன். லைஃப் சயின்சஸ் தாளில் ஜே.ஆர்.எஃப். நழுவுவது பெரும்பாலும் ‘சி’ பகுதியில். பரிசோதனை முடிவு ஒன்றைக் கொடுத்து இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்கும் கேள்விகள் அவை. மனப்பாடம் அங்கே உதவாது. கையால் வேலை செய்தவர்களுக்கு உதவும். தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை. பெண்களுக்கு வயது வரம்பில் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை (டி.பி.டி.) தரும் ஜே.ஆர்.எஃப்.புக்கும் முயலுங்கள். 26 வயதில் காலம் கடந்துவிட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கல்யாண வயதைக் கணக்கிடுகிறார்கள், ஆய்வு வயதை அல்ல.

உங்களுக்கென்று ஒரு கேள்வி

சிறிய கல்லூரியில் படித்தவர்களுக்கு இடம் உண்டா என்று கேட்டீர்கள். 1985 கடைசியில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி ஒருவருக்கு ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டியிருந்தது. சிற்றூரிலிருந்து வந்தவர், குடும்பப் பெண், பெயர் செல்லப்பன் நிர்மலா. பேராசிரியை சுனிதி சாலமன் அவரிடம், சென்னையில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று தேடச் சொன்னார். அப்போது அது வெளிநாட்டு நோய் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார், வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார், ஐஸ் பெட்டியில் வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துச் சென்று எலைசா சோதனை செய்தார். 1986ல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது அப்படித்தான். அவர் மருத்துவம் படித்தவர், நீங்கள் எம்.எஸ்சி.; அந்த வேறுபாடு இருக்கிறது. அன்று மாதிரி சேகரித்த விதத்தை இன்றைய நெறிமுறைக் குழு அனுமதிக்காது என்பதும் உண்மை. ஆனாலும் பெரிய கருவிகள் இல்லாத இடத்தில் ஒரு நல்ல கேள்வியும், பக்கத்தில் நின்ற நெறியாளரும் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட அருகில் ஓர் உதாரணம் எனக்குத் தெரியாது.

அதனால்தான் “இதே வேலையை ஆய்வேடாக எழுதிவிடலாம்” என்ற வாக்கியம் எனக்கு உறுத்துகிறது. திட்டத்தின் கேள்வி திட்டத் தலைவருடையது. நீங்கள் செய்த சோதனைகள் அதற்கான விடைகள். வாய்மொழித் தேர்வில் “இதில் உங்கள் யோசனை எது?” என்று கேட்டால் நீங்கள் கைகாட்ட ஏதாவது இருக்க வேண்டும். உங்கள் துறையில் கேள்விக்குப் பஞ்சமில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சைக்கு 2024ல் இந்திய அரசு ஒப்புதல் தந்தது. இந்த மருந்துகள் பரவலாகும்போது பெடாகுவிலினுக்கு எதிர்ப்பு எங்கே, எப்படித் தோன்றுகிறது என்று கவனிக்க ஆள் வேண்டும். ஆர்வி0678 என்ற மரபணுவில் வரும் மாற்றங்கள் பெடாகுவிலினையும் குளோஃபாசிமின் என்ற இன்னொரு மருந்தையும் ஒருசேர வீரியம் இழக்கச் செய்கின்றன; ஆனால் எல்லா மாற்றமும் ஒரே அளவு எதிர்ப்பைத் தருவதில்லை. உங்கள் கையில் இருக்கும் கிருமிகளிலும், உலகெங்கும் பொதுவில் வைக்கப்பட்டிருக்கும் மரபணு வரிசைகளிலும் இதைத் தேட முடியும். இதையே எடுங்கள் என்று சொல்லவில்லை. இந்த அளவில் ஒன்று உங்களுடையதாக இருக்கட்டும். கணினியில் செய்யக்கூடிய ஒரு பகுதி அதில் இருப்பது நல்லது. ஏன் என்பது அடுத்து வருகிறது.

திருமணமும் இடமாற்றமும்

கல்யாணம் ஆனால் பிஎச்.டி. போய்விடும் என்று முடிவே கட்டிவிட்டீர்கள். விதிகள் அப்படிச் சொல்லவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளைப் பதிவிறக்கி ஒருமுறை முழுவதும் படியுங்கள். பதிவிலிருந்து ஆறு ஆண்டு. மறுபதிவில் இரண்டு ஆண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுத் தளர்வு. எல்லாம் சேர்த்துப் பத்தாண்டைத் தாண்டக்கூடாது. மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் ஒருமுறை 240 நாள் வரை விடுப்பு. திருமணத்தால் ஊர் மாறும் பெண், தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லவும் அந்த விதிகள் இடம் தருகின்றன. முந்தைய நிறுவனத்துக்கும் நெறியாளருக்கும் உரிய பெயரைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அதே பத்தியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த ஆய்வு, நிதி அமைப்பு ஒன்று அந்த நிறுவனத்துக்கோ நெறியாளருக்கோ வழங்கிய திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக்கூடாது. உங்கள் விஷயத்தில் எல்லாம் இந்த வரியில்தான் சிக்கிக்கொள்கிறது. திட்டத்தின் வேலையையே ஆய்வேடாக்கிவிட்டு, இரண்டாம் ஆண்டில் ஐதராபாத் போனால், வெறுங்கையோடுதான் போக முடியும். தொடங்கும்போதே ஆய்வுச் சுருக்கத்தில் திட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒரு கேள்வியை எழுத்தில் பதிவு செய்துவிட்டால் அந்தப் பகுதி உங்களோடு வரும். கணினிப் பகுதி என்று சொன்னது இதற்காகத்தான். கருவுற்றிருக்கும் மாதங்களில் உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குள் போகாமல் செய்யக்கூடிய வேலையும் அதுவே.

ஐதராபாத் ஒன்றும் வனாந்தரமல்ல. சி.சி.எம்.பி., சி.டி.எஃப்.டி., ஐதராபாத் பல்கலைக்கழகம் என்று உயிரியல் ஆய்வுக்குப் பெயர் பெற்ற இடங்கள் அங்கே இருக்கின்றன. ஜீனோம் வேலியில் தடுப்பூசி நிறுவனங்களும் இருக்கின்றன. ஜே.ஆர்.எஃப். வாங்கிக்கொண்டு முதலிலேயே அங்கே முயல்வதும் ஒரு வழி. மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி, “படிக்க விடுவீர்களா?” என்பது அல்ல. அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “ஞாயிற்றுக்கிழமையும் வளர்த்து வைத்த கிருமிகளைப் பார்க்கப் போக வேண்டியிருக்கும், ஐந்து வருடம் ஆகும், நடுவில் குழந்தை பிறந்தால் யார் பார்த்துக்கொள்வது?” என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்றும் பாருங்கள்.

நான்காவது பெயர்

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் “அதிக வேலை செய்தது நான், ஆகவே முதல் பெயர் என்னுடையது” என்பது முழுவதும் சரியல்ல. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறிகளை உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். ஆய்வை வடிவமைப்பதிலோ தரவைத் திரட்டி ஆராய்வதிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பு என நான்கும் இருப்பவரே ஆசிரியர். யார் முதலில், யார் நான்காவது என்பதை அந்த நெறிகள் சொல்வதில்லை. அது ஆய்வுக் குழு கூடி முடிவு செய்ய வேண்டியது. வழக்கத்தில், முதல் வரைவை எழுதியவரே பெரும்பாலும் முதலில் வருகிறார். நீங்கள் எழுதினீர்களா என்று கடிதத்தில் இல்லை.

அதே நேரம், திட்டப் பணியாளருக்கு முதல் இடம் இல்லை என்று எந்த விதியும் கிடையாது. பல ஆன்டிபயாடிக்குகளைச் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 நொதியைப் பற்றி உலகமே பேசிய கட்டுரை 2010ல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்தபோது, அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்து இளம் ஆய்வாளர். பதவியைப் பார்த்து வரிசை போடுவது இங்குள்ள வழக்கம். வழக்கம் மட்டுமே.

வெளிவந்துவிட்ட கட்டுரைக்காகச் சண்டை போடாதீர்கள். பெயர் அதில் இருக்கிறது, அது போதும். இனி எங்கே விண்ணப்பித்தாலும் இவருடைய பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். அடுத்த கட்டுரைக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்: “ஐயா, மார்ச்சுக்குள் முடியவிருக்கும் இரண்டாம் கட்டச் சோதனைகளின் கட்டுரைக்கு முதல் வரைவை நானே எழுதித் தர விரும்புகிறேன். வரைவு உங்களுக்கு ஏற்றதாக இருந்தால் என்னை முதல் ஆசிரியராகக் கருத வேண்டுகிறேன். ஆசிரியர் வரிசையை இப்போதே பேசி வைத்துக்கொண்டால் எனக்கு உதவியாக இருக்கும்.” இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பதில் எழுத்தில் வந்தால் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழியாக வந்தால், “இன்று பேசியபடி” என்று தொடங்கி நீங்களே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஆய்வகக் குறிப்பேடு நிறுவனத்தின் சொத்து, அதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும்.

பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் போடும் இதழ்களில் அவசரத்துக்கு ஒரு கட்டுரை போட்டுவிடாதீர்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022லேயே எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தனியாக வைத்திருக்கலாம், உங்களுடையதில் விசாரியுங்கள்.

பட்டத்துக்குப் பின்

மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராவது உங்கள் கனவு என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகள் சில ஆண்டுகளுக்கு முன் நுண்ணுயிரியல் துறையில் மருத்துவர் அல்லாதவர்களுக்குக் கதவை மூடின. 2025 விதிகள் அதை மீண்டும் கொஞ்சம் திறந்தன. ஆனால் திறந்தது மருத்துவ எம்.எஸ்சி.யோடு பிஎச்.டி. முடித்தவர்களுக்கு. கலை அறிவியல் கல்லூரி எம்.எஸ்சி.யை வைத்துக்கொண்டு அந்தக் கதவை நம்பி ஐந்து ஆண்டு உழைக்காதீர்கள்.

அரசுக் கலைக் கல்லூரிகள் இன்னொரு வழி. 2024ல் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களை அறிவித்துவிட்டுத் தேர்வைத் தள்ளிப்போட்டது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட அறிவிப்புகளை எதிர்பார்த்து வாழ்க்கையை நிறுத்தி வைக்காதீர்கள். நுண்ணுயிரியல் எல்லா அரசுக் கல்லூரியிலும் இருக்கும் துறையும் அல்ல. பல்கலைக்கழகம் அல்லாத இடங்களையும் எண்ணிப் பாருங்கள்: காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் மருந்து எதிர்ப்புச் சோதனைக் கூடங்கள், மருத்துவமனை ஆய்வகங்கள், தடுப்பூசி நிறுவனங்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிறுவனங்கள். பலவும் ஒப்பந்த வேலைகள்தான், மறைக்க மாட்டேன். ஆனால் மருந்து எதிர்ப்புச் சோதனையைத் தவறில்லாமல் செய்யத் தெரிந்த கை இவை எல்லாவற்றுக்கும் வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டைப் பற்றி ஒரே வரி கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் பிஎச்.டி. மாணவர்கள் பலர் சம்பள ஒப்பந்தத்தில்தான் சேர்கிறார்கள். அமெரிக்காவில் நல்ல துறைகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத உதவியும் தருகின்றன. 2025ல் அங்கே ஆய்வு நிதி வெட்டப்பட்டதால் இடங்கள் குறைந்தன. கைக்காசு கட்டிச் சேர வேண்டிய பிஎச்.டி.யை எந்த நாட்டிலும் வாங்காதீர்கள், இடம் பிடித்துத் தரும் முகவர்களை வீட்டு வாசலுக்கே விடாதீர்கள்.

மாதக் கடைசிக்குள் என்ன செய்வது

இந்த வாரமே திட்டத் தலைவரிடம் நேரம் கேளுங்கள். அவரிடம் தற்போது எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு என்று வரம்பு உண்டு, இடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இதுவரை முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், மார்ச்சுக்குப் பின் உங்கள் சம்பளம் எந்தத் தலைப்பில் வரும் என்பதையும் கேளுங்கள். பிறகு அவர் இல்லாதபோது அவருடைய மூத்த மாணவிகளிடம் டீக்கடையில் இதே கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் நம்பலாம்.

ஒத்துப்போகவில்லை என்றால், மார்ச் வரை இங்கேயே இருந்து சோதனைகளை முடித்து, வரைவை எழுதி, அடுத்த நெட் தேர்வுக்குப் படியுங்கள். திட்டம் முடிந்தபின் ஜே.ஆர்.எஃப். முடிவு வரும்வரை வருமானத்துக்குத் தேவைப்பட்டால், அந்தக் கல்லூரி வேலை ஓராண்டுக்குப் பரவாயில்லை. இப்போது அவர்களிடம், ஜூனில் சேர முடியும் என்று சொல்லிப் பாருங்கள். நெட் தகுதி உள்ளவர்கள் அந்தச் சம்பளத்துக்கு வரிசையில் நிற்பதில்லை, காத்திருக்க ஒப்புக்கொள்ளக்கூடும். சேர்ந்தாலும் மூன்று ஆண்டு விலகமாட்டேன் என்று எழுதித் தராதீர்கள். சான்றிதழ்களைக் கேட்பார்கள். அசலைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்லிவிட்டு, நகலைக் கொடுத்துவிட்டு, அசலைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். அலுவலகத்தில் வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் அந்த வேலையே வேண்டாம், பிஎச்.டி. சேர்க்கை நாளன்று அசல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.